மகமை இல்லாத படகு

சூலக்கரையிலும் சூலக்கரை மேட்டிலும் இருந்துகொண்டு, கடலில் போய்வரச் சொந்தப் படகு வாங்கச் சீட்டுக் கட்டிவரும் பன்னிரண்டு தம்பிகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கைபேசியை என் கையில் கொடுத்து ஒரு படம் காட்டினீர்கள். வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் நீலக் கோடு, வெயிலுக்கு மேலே ஒரு பந்தல் துணி, பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். "அண்ணாச்சி, ஊர்லயே உங்களுக்குத்தான் படகு வச்சிருந்த அனுபவம். ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றீர்கள். நல்லா இருக்குப்பா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரிந்ததைச் சொல்லாமல் வந்தது என் தப்பு. அதைச் சரிசெய்யத்தான் இந்த மடல்.

உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உங்களில் இரண்டு பேர் வீட்டு நகையை அடகு வைத்துச் சீட்டுக் கட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நகைக்குச் சொந்தக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிய வேண்டும்.

உங்கள் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். கரிசல் காட்டில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றாலே ஒரு தவிப்பு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் லாரி டியூபில் காற்றடித்து நாள் முழுக்க மிதப்போம். பெருகாத வருஷங்கள்தான் அதிகம். பிறகு வளர்ந்து, தூத்துக்குடிக் கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கரை ஒரு மெல்லிய கோடாகத் தெரிய, படகு தானாக ஏறி இறங்கும் அந்தப் பத்து நிமிஷத்தை அனுபவித்திருக்கிறேன். அதற்கு ஈடாக ஒன்றை இன்றுவரை நான் காணவில்லை. ஆகவே வாங்கவே வாங்காதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நீங்கள் படகு வாங்கப் பணம் சேர்க்கிறீர்கள், ஆனால் படகுக்கு மகமை வைக்கவில்லை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதன் விளக்கம்.

மகமை என்றால் என்ன என்று விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் எடுத்துவைத்த காசிலும், வீட்டுக்கு வீடு உலை வைக்கும் முன் எடுத்துவைத்த பிடி அரிசியிலும் ஓடிய ஊர் இது. காமராசர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு நன்கொடை வாங்குவது ஒரு நாள் வேலை. வாத்தியார் சம்பளம் மாதாமாதம் வந்து நிற்கும். நம் முன்னோர் அந்த இரண்டாவதைத்தான் முதலில் யோசித்தார்கள். பொதுவில் ஒரு பொருளை வைத்துக் காப்பாற்றும் வித்தையை நம் ஊர் நூறு வருஷத்துக்கு முன்பே கற்றுவைத்திருக்கிறது. அதை நீங்கள் படகு விஷயத்தில் மறந்துவிட்டீர்கள். நாங்களும் மறந்தோம்.

வாங்கும் விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கைபேசியில் பார்த்த படகு, எஞ்சின், இழுத்துப்போக டிரெய்லர், உயிர்காப்பு மேலாடைகள் எல்லாம் சேர்த்து 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 லட்சம் வரிக்கு முந்தியது. உல்லாசத்துக்கும் விளையாட்டுக்குமான படகுகளுக்கு முன்பு ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் அதன் மேல் 3 சதவீத செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே வரியாக 40 சதவீதம். சிகரெட், பான் மசாலா வரிசையில் கொண்டுபோய்ப் படகை உட்கார வைத்துவிட்டார்கள். 8 லட்சத்துக்கு வரி மட்டும் 3 லட்சத்து 20 ஆயிரம். ஆக 11 லட்சத்து 20 ஆயிரம். 2017 ஜூலையில் பட்டாசுக்கு 28 சதவீதம் என்று வந்தபோது சிவகாசி முழுக்க ஆலைகளைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தோமே, நினைவிருக்கும். அந்த நவம்பரில் அது 18 ஆக இறங்கியது. படகுக்காக அப்படிப் பூட்டிவிட்டு உட்கார யாரும் இல்லை, இந்த வரி இறங்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் அன்றைக்கு மெதுவான குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "மீன்பிடி வள்ளம்னு பதிஞ்சுட்டா வரி அஞ்சு பெர்சன்ட்தான் அண்ணாச்சி." வாஸ்தவம். ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வார்த்த பைபர் படகு, மீன் பிடிக்கப் போனால் 5 சதவீதம், காற்று வாங்கப் போனால் 40 சதவீதம். ஆனால் அந்த 5 சதவீதமும், எரிபொருளில் கிடைக்கும் சலுகையும், கடலில் உயிரைப் பணயம் வைத்துப் பிழைக்கிறவர்களுக்காக வந்தவை. 1983-ஆம் வருஷக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மீன்வளத் துறையில் அவர்கள் படகைப் பதிகிறார்கள். அந்த வரிசையில் நாம் பொய் சொல்லிப் போய் நிற்கக் கூடாது தம்பி. சட்டத்தை விடுங்கள், நியாயத்துக்கே அது அடுக்காது.

உயிருக்கும் அடுக்காது. கேரளத்தில் தானூரில் 2023 மே 7 அன்று மாலை ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகள் பலர். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. மீன்பிடிப் படகு வலையையும் மீனையும் அடியில் சுமக்கும் கணக்கில் செய்யப்படுவது. அதன் மேல் தளம் போட்டு ஆட்களை ஏற்றினால் கனம் மேலே போய்விடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கரையில் வந்த விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய, இரட்டைத் தளப் படகு புரண்டு 45 பேர் போனார்கள். அது ஒன்றும் பழைய படகு இல்லை, புதுசு. நீங்கள் காட்டிய படகில் எட்டுப் பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கிறது. நீங்கள் பன்னிரண்டு பேர். மனைவி மக்களோடு கணக்குப் பார்த்தால் நாற்பது பேருக்கு மேல். முதல் ஞாயிற்றுக்கிழமையே யார் ஏறுவது, யார் கரையில் நிற்பது என்ற பேச்சு வரும். கரையில் நிற்கும் பிள்ளை அழும்போது, ஒருத்தன்தானே, ஏத்திக்கோ என்று ஒரு பெரியவர் சொல்வார். அந்த ஒருத்தனை ஏற்ற மாட்டேன் என்று சொல்லும் திடம் உங்களில் யாருக்கு இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வாங்கிய பிறகு நடப்பது. இதைச் சொல்ல என் கதையைச் சொல்ல வேண்டும்.

2011-இல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழைய பைபர் படகை வாங்கினோம். தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கு வடக்கே ஒரு கரையில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மாதம் இவ்வளவு என்று பேசிக் காவலுக்கு விட்டோம். முதல் ஆறு மாதம் சொர்க்கம். ஐந்து பேரும் போட்டி போட்டுச் செலவு செய்தோம். நான் நங்கூரக் கயிறு வாங்கினேன், ஒருவர் ஐஸ் பெட்டி வாங்கினார், இன்னொருவர் பிள்ளைகளுக்குச் சின்ன அளவு மிதவைச் சட்டைகள் வாங்கினார்.

கடல் தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறி அதைக் குளிரவைத்து வெளியே போகும். அதுதான் அவுட்போர்டின் அமைப்பு. அதனால் ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரைக் குழாய் வைத்து உள்ளே ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. அந்தக் கரையில் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கினோம். உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சுழலி ஒன்று இருக்கிறது, அது தேயும், மாற்ற வேண்டும். கியர் ஆயிலை நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வடிக்கும்போது பால் விட்ட டீ மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, சீல் போயிற்று என்று அர்த்தம். எஞ்சின் காலில் ஒரு துத்தநாகக் கட்டி திருகியிருப்பார்கள், அது தான் கரைந்து எஞ்சினைக் காப்பாற்றும். கரைந்துகொண்டே இருப்பதுதான் அதன் வேலை, ஆகவே அதையும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரிலேயே கட்டிப்போட்டால் அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டும். ஒட்டினால் படகு கனத்துப் பெட்ரோல் குடிக்கும். மேலே ஏற்றிவைத்தால் டிரெய்லர் சக்கரத்தின் பேரிங்கில் உப்பு ஏறிச் சிக்கும்.

படகு ஓடினால்தான் செலவு என்று நாங்கள் நினைத்தோம். சும்மா நின்றதுதான் எங்களை அழித்தது. இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் இரண்டு மூன்று மாதம் டேங்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். எங்கள் காலத்திலேயே கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொண்டது. இன்றைக்கு இன்னும் மோசம்.

இன்னொன்று உங்களுக்கு உடனே விளங்கும். கடலில் ஆபத்து என்றால் கொளுத்திக் காட்டும் சிவப்பு விளக்குகளைப் படகில் வைத்திருக்க வேண்டும். மத்தாப்புக்குச் சிவப்பு கொடுக்கும் அதே ஸ்ட்ரான்சியம் உப்புதான் அதிலும். அதற்கு ஆயுள் மூன்று வருஷம் என்று மேலேயே தேதி போட்டிருக்கும். மருந்தில் ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்று சிவகாசியில் வேலை பார்க்கிற பையனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறையும் கொளுத்தாமலேயே தேதி முடிந்து புதுசு வாங்குவீர்கள். அது வீண் செலவு என்று எந்த நாளும் எண்ணாதீர்கள்.

இரண்டாவது வருஷம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை எங்களில் ஒருவர் வீட்டு முகூர்த்தம். இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று அவசரம். அவர் கழுவுவார் என்று நான், நான் கழுவுவேன் என்று அவர். யாரும் எஞ்சினைக் கழுவவில்லை. நான்கு வாரம் கழித்து மறுபடி கடலில் இறங்கினோம். உப்பு உள்ளே கல்லாகிப்போய்த் தண்ணீர் ஏறவில்லை, எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. கரை தெரியாத தூரம். காற்று வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. படகில் என் மகள் இருந்தாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வள்ளம் எங்களைப் பார்த்துத் திரும்பி வந்தது. அவர்கள் வலை போடும் நேரம் அது. வலையைப் போடாமல் எங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார்கள். எவ்வளவு கொடுக்கட்டும் என்று கேட்டதற்கு அந்த மூத்தவர், எண்ணெய்க்கு ஆனதை மட்டும் கொடு என்றார். அவர்களுக்கு அன்றைய பாடு போயிற்று. எங்கள் உல்லாசத்தின் விலையை அன்றைக்கு நான்கு மீனவக் குடும்பங்கள் கட்டின. எந்த ரசீதிலும் அது ஏறவில்லை. பதின்மூன்று வருஷம் ஆகியும் அது என் மனசில் கடனாகவே நிற்கிறது.

அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய செலவில்தான் எங்கள் கூட்டு உடைந்தது. கழுவாதவன் கட்டட்டும் என்றார் ஒருவர். நான் அன்றைக்கு வரவே இல்லையே, நான் ஏன் கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாம் வருஷம் காவல்காரப் பெரியவருக்குச் சம்பளம் கொடுத்தது இரண்டு பேர் மட்டும். நான்காம் வருஷம் விற்றோம். வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு வருஷத்தில் நாங்கள் கடலில் இறங்கிய நாட்கள் 31. பணம் போனதைச் செரித்துக்கொண்டேன். ஐந்து பேரில் ஒருவர், பால்யத்திலிருந்து ஒரே தெரு, தன் மகள் கல்யாணப் பத்திரிகையை எனக்கு நேரில் கொண்டுவந்து வைக்கவில்லை. தபாலில் அனுப்பினார்.

31 நாள் ஏன் என்று கேட்பீர்கள். சோம்பல் இல்லை. நம் தொழிலின் வருஷமும் கடலின் வருஷமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. உங்களில் பாதிப் பேர் பட்டாசு. தீபாவளி முடிந்துதான் உங்களுக்கு மூச்சு விட நேரம். அப்போது வடகிழக்குப் பருவமழை, கடலில் புயல் சின்னம். இன்னும் நாலு பேர் அச்சகம். ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து மார்கழி வரைக்கும் உங்களுக்கு ராத்திரி ஷிப்ட். வைகாசி கடைசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை மன்னார் வளைகுடாவில் கச்சான் காற்று, அனுபவம் இல்லாதவன் இறங்கக் கூடாத கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், அந்த இரண்டு மாதமும் அத்தனை விசைப்படகுகளும் கரையேறி வேலைக்கு நிற்கும், உங்கள் எஞ்சினைத் தொட ஒரு மெக்கானிக் கிடைக்க மாட்டார். கழித்துப் பார்த்தால் தை பிறந்ததிலிருந்து சித்திரைப் பிறப்பு வரை. அதிலும் நோட்டுப் புத்தக ஆர்டர் இருக்கும், பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும், பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல் இருக்கும். லீவு நாளையும் சேர்த்துத் தாராளமாகப் போட்டால் வருஷத்துக்குப் பதினைந்து நடை.

தீவுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டீர்கள். அதற்கும் வழியில்லை. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கண்ணுக்கு எதிரே வான் தீவு தெரியும், கால் வைக்கக் கூடாது. அது சரியான சட்டம்தான், அங்குள்ள பவளப்பாறைகள் நங்கூரத்துக்கும் எண்ணெய்க்கும் தாங்காது. கடலோரக் காவல் படையும் போலீசும் நிறுத்திக் கேட்டால் காட்டத் தாள்கள் வேண்டும். கடல் வேண்டாம், ஏதாவது அணையிலோ உப்பங்கழியிலோ ஓட்டுவோம் என்றாலும் எஞ்சின் வைத்த படகுக்கு 2021-ஆம் வருஷ உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி தகுதிச் சான்றும் பதிவும் வேண்டும். நம் பக்கத்தில் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம் என்று அணைகள் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் நிற்கும் மாதங்களை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பெட்ரோல் கணக்கு. 40 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். நிதானமாகப் போனால் 10 என்று வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 30 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 3,000 ரூபாய். விற்பனைக்கில்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். இதையும் பார்ப்பது, பட்டாசு ஆலைக்கு உரிமம் தரும் அதே நாக்பூர் வெடிபொருள் துறைதான். ஆகவே நாலு கேனில் வாங்கிக் கொட்டகையில் அடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தீ என்றால் என்ன என்று தெரிந்த ஊர் நம் ஊர்.

இப்போது கூட்டிப் பார்க்கிறேன். படகு விலை 11 லட்சத்து 20 ஆயிரம். பராமரிப்பு, ரிப்பேர், காப்பீடு, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது படகு வைத்திருப்பவர்கள் போடும் பொதுக் கணக்கு. குறைத்தே போட்டு 1 லட்சம் என்கிறேன். இடத்துக்கும் காவலுக்கும் மாதம் 5,000, வருஷத்துக்கு 60,000. பதினைந்து நடைக்குப் படகின் பெட்ரோல் 45,000. சூலக்கரையிலிருந்து கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போக நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு வண்டி போய்வர, சாப்பாடு சேர்த்து நடைக்கு 4,000, ஆக 60,000. மொத்தம் 2 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் கையிலிருந்து போகும். இதில் படகின் விலை வருஷாவருஷம் தேய்வதையோ, அந்தப் பணம் வங்கியில் இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டியையோ நான் சேர்க்கவில்லை. தேய்மானம் பத்து சதவீதம், வட்டி ஏழு சதவீதம் என்று சேர்த்தால் இன்னும் 1 லட்சத்து 90 ஆயிரம். ஆக ஒரு நடையின் விலை 30,000 ரூபாய்.

2 லட்சத்து 65 ஆயிரத்தைப் பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் வகுத்தால் ஆளுக்கு மாதம் 1,840 ரூபாய். சில்லறை வேண்டாம், 2,000. கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், எஞ்சின் ஓடினாலும் படுத்தாலும், படகு இருக்கும் வரை 2,000. இதுதான் உங்கள் படகின் மகமை. இந்த எண்ணை உங்கள் சீட்டு நோட்டில் எங்கும் நான் பார்க்கவில்லை.

உங்களில் ஒருவர், "வ.உ.சி. பங்கு போட்டுக் கப்பலே வாங்கலையா?" என்று கேட்டார். 1906-இல் 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம் என்று தொடங்கிய கம்பெனி அது. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தன. அதை நம் உல்லாசப் படகோடு சேர்த்துப் பேசவே எனக்கு நாக்கு கூசுகிறது. இருந்தாலும் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். கப்பல் வாங்கும் பணத்தை அந்த மனிதர் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துவிட்டார். வாங்கியபின் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போக, ஒவ்வொரு நடைக்கும் ஏற்பட்ட நஷ்டம்தான் கழுத்தை நெரித்தது. 1908-இல் அவரைச் சிறையில் போட்டபோது தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. தேசத்துக்காக ஓடிய கப்பலுக்கே ஓட்டும் செலவுதான் எமனாக வந்தது.

கூட்டாகப் படகு வைத்துக்கொள்வது நடக்காத காரியம் என்றும் சொல்ல மாட்டேன். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு கொடைக்கானலில் ஓடையை மறித்து ஏரி கட்டினார். அதில் விட முதல் படகுகள் நம் தூத்துக்குடியிலிருந்துதான் மலையேறின. 1890-இல் அங்கே படகுச் சங்கம் வந்தது. சென்னையில் அடையாற்றங்கரைப் படகுச் சங்கம் 1867-இலிருந்து இருக்கிறது, துறைமுகத்துப் பாய்ப்படகுச் சங்கம் 1911-இலிருந்து. நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும் இந்தச் சங்கங்களில் ஆள் மாறினாலும் சந்தா நிற்பதில்லை, கழுவ ஆள் இருக்கிறது, எவர் எப்போது எடுப்பது என்று நோட்டு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பாய்ப்படகில் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னையில் கோடை முகாமில் பழகத் தொடங்கியவர்தான். துடுப்புப் படகுக்கும் நீள ஓடத்துக்கும் வரி இப்போது 18 சதவீதம், பெட்ரோல் செலவு கிடையாது. கையால் வலித்துப் போகும் படகிலும் கடல் அதே கடல்தான், எஞ்சின் சத்தம்தான் இருக்காது.

என் யோசனை இது. சீட்டை நிறுத்த வேண்டாம். ஆனால் எடுத்த பணத்தில் முதலில் நகைகளை மீட்டு வீட்டில் கொடுங்கள். அடகுப் பணத்தில் படகு வேண்டாம். அதன் பிறகு வரும் தையிலிருந்து மாதாமாதம் ஆளுக்கு 2,000 மகமை. படகு இல்லாமலேயே கட்டுங்கள். பன்னிரண்டு மாதம். யார் பெயருக்கு நேரே எந்த மாதம் வெறும் கட்டமாக நிற்கிறது என்று நோட்டில் தெரியும். அந்த 2 லட்சத்து 88 ஆயிரத்தில் ஒரு பங்கை எடுத்து, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் தெரிந்த படகுக்காரர்களுக்கு முறையான வாடகை கொடுத்து, அனுமதி உள்ள இடங்களில் குடும்பத்தோடு போய்வாருங்கள். கச்சான் என்றால் என்ன, வாடை என்றால் என்ன, மேகம் எந்தப் பக்கம் கறுத்தால் திரும்ப வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு பேராவது ஒழுங்காக நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். கிணற்று நீச்சல் போதாது.

அடுத்த தையில் பன்னிரண்டு கட்டமும் நிரம்பியிருந்தால் வாங்குங்கள். நானே உங்களோடு திரேஸ்புரம் வருகிறேன். பழைய படகானால் அடியைத் தட்டிப் பார்க்கவும், கியர் ஆயிலை வடித்துப் பார்க்கவும் எனக்குத் தெரியும். கட்டமெல்லாம் நிரம்பாமல் ஏழு எட்டுப் பேராய் நின்றால், மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு அதே பெஞ்சில் அதே டீயைக் குடிக்கலாம். ஒருவர் வீட்டுப் பத்திரிகையை இன்னொருவர் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய் வைக்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டீக்கடைக்கு வருகிறேன். எங்கள் பழைய கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு வருஷத்துச் செலவும் தேதிவாரியாக இருக்கிறது, அந்த வள்ளத்துக்கு எண்ணெய்க்காகக் கொடுத்த காசும் இருக்கிறது. எடுத்துவருகிறேன். நீங்கள் ஒரு புது நோட்டு வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
சூலக்கரை மேட்டிலிருந்து
உங்கள் அண்ணாச்சி